நாலு கோல் கட்டிலும் ஞானப்பூ அக்காவும்

ஞானப்பூ அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் என் வீட்டு நிலைவாசலில் ஒரு கட்டிலுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டு நின்றேன். மூட்டைப்பூச்சி தாங்கவில்லை, வெயில் கண்ட நாளாகப் பார்த்துக் கட்டிலை வெளியே போட்டு வெந்நீர் ஊற்றிவிடலாம் என்பது யோசனை. அதைச் சாய்த்து, கால்பக்கத்தை முதலில் வெளியே விட வேண்டும். இருபது வருடமாக அந்தக் கட்டிலோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் தலைப்பக்கத்தை விட்டேன். அது பாதி தூரம் போய் உட்கார்ந்துகொண்டது. என் மனைவி பேச்சியம்மாள் வெளியே, நான் உள்ளே.

"வருசா வருசம் இதே கூத்துதானா? இத அறுத்துக் குட்டையாக்குங்கன்னா கேக்குறீகளா?" என்று அவள் வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பொதிமாட்டுக்காரர் கருப்பையா கம்பம்மெட்டிலிருந்து வந்தார். கட்டில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்.

"கஞ்சிக்கடை அக்கா இன்னைக்கு விடியக்கால தவறிட்டாகய்யா. சாயங்காலம் அடக்கம். ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு ஓடியாந்தேன்."

கட்டிலை விட்டால் பேச்சியின் காலில் விழும். ஆகவே இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை. கடைசியில் பேச்சிதான் கயிற்றுச் சந்தில் முந்தானையை நுழைத்துத் துடைத்துவிட்டாள்.

அவர் கையால் கஞ்சியும் சுட்ட கருவாடும் வாங்கிச் சாப்பிட்ட மலைக்காரர்கள் எத்தனையோ பேர். உங்களுக்கெல்லாம் அவரைக் கஞ்சிக்கடை அக்காவாகத் தெரியும். கடைக்கு முந்தின கதை ஒன்று உண்டு. அதில் நானும் இருக்கிறேன். இருந்த இடம்தான் அவ்வளவு மெச்சும்படி இல்லை.

நான் ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அந்த இரட்டிப்புப் படிப்பை மெச்சி, ஒரு எஸ்டேட்டில் என்னைக் கோல்காரனாக வைத்தார்கள். அப்போது காட்டை வெட்டித் தேயிலை வைக்கிற காலம். செடிக்குக் குழி வெட்ட வேண்டும். குழி ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்பது பேச்சு. இரண்டு முனையிலும் இரும்புப் பூண் போட்ட ஒரு கோல் எஸ்டேட்டில் இருந்தது. அதைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் பார்ப்பது என் வேலை. நிறுத்தின கோலின் நுனி தரைக்கு மேலே தெரிந்தால் குழி போதாது. அப்போது நான், "தலை தெரியுது!" என்று ஒரு கூச்சல் போடுவேன். கூச்சல் போடுவதற்கென்றே எனக்கு ஒரு குரல் இருந்தது. பெரிய உத்தியோகம் என்று நினைப்பு.

தலை தெரிந்தால் வெட்டினவருக்கு அன்றைக்கு அரைப்பேர். பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததாக விழும் கணக்கு. அரைப்பேருக்கு அரைக்கூலி. அதைவிடப் பெரிய கஷ்டம் இன்னொன்று. முன்பணம் வாங்கி மலை ஏறினவர்கள் ஆளுக்கு முந்நூறு பேர், அதாவது முந்நூறு நாள் கணக்கு, முடித்தால்தான் கீழே இறங்கலாம். முடிக்காமல் இறங்கினால் வாரண்டு வரும், ஜெயிலும் உண்டு. அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. ஆக, நான் ஒரு தடவை கத்தினால் ஒருவருக்கு மலையில் அரை நாள் கூடும்.

ஞானப்பூ அக்காவின் புருஷர் மிக்கேல் குழி வெட்டத்தான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார். நெட்டை மனிதர், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்து வாசலில் குனியாமல் அவர் நுழைந்ததே இல்லை. முதல் மழையிலேயே நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். ஒப்பந்தம் படுக்கவில்லை. அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்து, ஆள் எடுக்கிற வரிசையில் ஆண்களோடு நின்றார்.

கங்காணி சிரித்தார். "பொம்பள குழி வெட்டுனா கோழி கிளறுன மாதிரில்ல இருக்கும்."

"கோழி வயித்துக்குத்தான் கிளறுது, கங்காணியாரே. நீரு ஒம்ம வயித்துக்கு என்ன செய்யுதீரு?" என்றார் அக்கா.

களம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு போய் அவர் வெட்டின குழியில் கோலை நிறுத்தி, "தலை தெரியுது!" என்றேன்.

அக்கா குழியையும் பார்த்தார், கோலையும் பார்த்தார். தன் கையை விரித்துக் குழிக்குள் இரண்டு சாண் போட்டார். "ரெண்டு சாண் ஒன்றரை அடி. எங்கப்பா தச்சு வேலைக்காரரு, என் கைய அளந்து சொல்லியிருக்காரு. குழி சுருங்கல தம்பி. கோலுதான் வளந்திருக்கு."

"கோல் எப்படிக்கா வளரும்?"

"மலையில எல்லாந்தான் வளருது. நல்ல மழை."

அதை நான் வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் வெட்டியும் அவருக்கு நூற்றறுபது பேர் தாண்டவில்லை. எஸ்டேட் மருந்துக்காரர், "இன்னொரு ஆடி மழைய மிக்கேல் தாங்க மாட்டாரு. அதுக்குள்ள கீழ கொண்டுபோயிரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். இறங்கினால் வாரண்டு, இருந்தால் மழை.

இந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்குக் கட்டில் வந்தது. பேச்சி முதல் பிள்ளையைச் சுமந்திருந்தாள். லயத்துத் தரை ஈரம். கம்பத்துப் பக்கமிருந்து வந்த ஒரு ஆசாரியிடம் ஆறடிக் கட்டில் சொன்னேன். அளவு கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். உத்தியோக மிடுக்கில் எஸ்டேட் கோலை நீட்டி, "இது ஒன்றரை அடி. சரியாக நாலு கோல் போடும்" என்றேன்.

கட்டில் வந்து இறங்கியது. ஆசாரி தன் சொந்த அடிக்கோலை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ஆறடின்னீங்க. ஆறடி எட்டங்குலம் நிக்குது. ஒங்க கோல் ஒண்ணுக்கு ரெண்டு அங்குலம் கூட. யாருக்குங்க கட்டில், யானைக்கா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தப்பு ஆசாரியுடையது என்று சத்தம் போட்டு, பேசின கூலியில் கால் பாகத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பினேன். மறுநாள் அதே கோலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கட்டில் மட்டும் லயத்து அறையில் சுவருக்குச் சுவர் நின்றது. சோறு தின்பதற்குக்கூட அதன் மேல் ஏறித்தான் உட்கார வேண்டும்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே புறப்பட்டு, ஒன்றரை நாள் நடந்து முன்சீப் கோர்ட்டு இருக்கும் ஊருக்குப் போனார். முந்தானையில் குழி வெட்டும் பதினொரு ஆளுடைய கைநாட்டு வைத்த காகிதம். அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா, நம்ம பக்கத்துத் தமிழர், கேட்டிருக்கிறார்: "ஏம்மா, கூலிக்காரர் ஓடிப்போனாருன்னு முதலாளிதான் இங்க வருவாரு. முதலாளி மேல ஹர்ஜி கொடுக்கக் கூலிக்காரி வந்ததை நான் பாத்ததே இல்ல."

"அவுக வாற வாசலும் இதானே ஐயா? வேற வாசல் இருந்தாச் சொல்லும், அதுல வாறேன்" என்றாராம் அக்கா.

ஹர்ஜி என்கிற மனுவைக் கொடுத்தாகிவிட்டது. முதலாளிக்கு நோட்டீஸ் வந்த அன்றே பழைய கோல் டீ பாக்டரி அடுப்புக்குப் போனது. குழிகளிலெல்லாம் ஏற்கனவே செடி வைத்தாகிவிட்டது. புதிதாக ஒரு கோல் செய்தார்கள். அச்சாக ஒன்றரை அடி. முதலாளி என்னைப் பங்களாவுக்கே கூப்பிட்டுவிட்டார். "கோர்ட்டில் இதைக் காட்டுவார்கள். இதே கோல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லு. திரும்பி வரும்போது நீ கணக்கப்பிள்ளை" என்றார். நான் வீட்டுக்கு வந்து கணக்கப்பிள்ளை போல நடந்து பார்த்தேன். கட்டில் இடம் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு நாலு நாள் முன்பு, மத்தியானம், அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அதன் சட்டத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"நல்ல வேல. எத்தன அடி தம்பி?"

"ஆறு" என்றேன்.

அக்கா எழுந்து, கையை விரித்துச் சாண் போட ஆரம்பித்தார். எட்டுச் சாண் முடிந்தது. கட்டில் முடியவில்லை. "ஒன்பதத் தொடுதே. எந்தக் கோலால அளந்தீரு?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே பேச்சி அடுப்படியிலிருந்து, "எஸ்டேட்டுக் கோலாலதாங்க்கா. நாலு கோலுன்னு இவுகதான் நின்னு அளந்து குடுத்தாக" என்றாள். என் சாட்சியத்தை அவளே சொல்லி முடித்துவிட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, ஒமக்குப் புள்ள வரப்போவுது. பொய் சொல்லாதேயும்னு சொல்ல நான் சாமியாரு இல்ல. நீரு எதையுஞ் சொல்லும். எனக்கு இந்தக் கட்டில ஒரு வாரத்துக்கு இரவல் தாரும், போதும்."

நான் வாய் திறக்குமுன், "எடுத்துட்டுப் போங்கக்கா, வீட்ட அடைச்சிக்கிட்டுக் கெடக்கு" என்று பேச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எட்டு ஆள் மாற்றி மாற்றித் தலையில் வைத்து அந்தக் கட்டிலை மலையிறக்கினார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் பிரேதம் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்களாம். கோர்ட்டு வராந்தாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். முன்சீப் மலையாளி. வந்தவர் கட்டிலைப் பார்த்து நின்று, "ரோகி எவிடே?" என்றார். நோயாளி எங்கே என்று கேட்கிறார்! கோர்ட்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "மலையில கெடக்காரு எசமான். அவருக்காவத்தான் வந்திருக்கேன்" என்றார்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். முதலாளி வக்கீல் புதுக் கோலை என் கையில் கொடுத்து, "நீ குழி அளந்தது இதுதானே?" என்று கேட்டார். இரண்டு வருடம் ஒரு கோலைத் தூக்கின கைக்கு அதன் கனம் தெரியும். இது புல்லாங்குழல் போல இருந்தது. முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் அக்கா கட்டில் காலருகே குந்தி, தளர்ந்துபோன கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. இரவல் வாங்கின பொருளைச் செப்பமாகத் திருப்பித் தர வேண்டும் என்கிற கவலை மட்டும்தான் அந்த முதுகில் தெரிந்தது.

"இது இல்லை எசமான்" என்றேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "அந்தக் கோலின் அளவு அந்தக் கட்டிலில் இருக்கிறது. நாலு கோல் போட்டுச் செய்தது."

கோர்ட்டு அமீன் அடிக்கோலோடு போய் அளந்தார். எண்பது அங்குலம். நாலில் ஒன்று இருபது. ஒன்றரை அடி என்றால் பதினெட்டு. "ரெண்டு அங்குலம்தானே" என்று முதலாளி வக்கீல் சொல்லிப் பார்த்தார். அக்காவுக்காக வந்த வக்கீல், குமாஸ்தா எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துப் படித்தார்: நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, ஆழத்தில் இரண்டு. மூன்று குழி வெட்டினால் நாலு குழி மண் வெளியே வருகிறது. அப்படி வெட்டியும் அரைப்பேர்.

அப்போது முன்சீப் என்னைக் கேட்டார்: "கோல் நீளம் கூட என்று உனக்கு எப்போது தெரிந்தது?"

"இப்போதுதான் எசமான். அமீன் அளந்தபோது."

அக்கா அந்த ஒரு தடவை தலையைத் தூக்கினார். பிறகு குனிந்து முடிச்சைப் போட்டு முடித்தார்.

தீர்ப்பு வைகாசிக் கடைசியில் வந்தது. பதினொரு ஆளுக்கும் விழுந்த அரைப்பேரெல்லாம் முழுப்பேராக வேண்டும். பாக்கிக் கூலியையும் கோர்ட்டுச் செலவையும் முதலாளி கட்ட வேண்டும். முந்நூறு பேர் நிறைந்தவர்களை இறங்கவிட வேண்டும். முதலாளி, பார்க்கலாம் என்று இருந்தார். கெடு முடிந்த மறுநாள் அமீன் மலையேறி, பங்களா வாசலில் கட்டியிருந்த வெள்ளை மட்டக்குதிரையை ஜப்தி செய்து ஓட்டிக்கொண்டு போனார். அந்தக் குதிரை மேல் உட்கார்ந்துதான் முதலாளி எங்களையெல்லாம் பார்ப்பது வழக்கம். மூன்றாம் நாள் நடந்தே இறங்கிப் போய்ப் பணத்தைக் கட்டிக் குதிரையை மீட்டார். அந்த வாரம் சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகளில் ரம்பம் இழுக்கிற சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். எத்தனை கோல்கள் குட்டையாயின என்று எனக்குத் தெரியாது. சில கோல்களில் புதுப் பூண் போட்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆனி பிறந்ததும் மிக்கேலைக் கீழே கொண்டுபோனார்கள். எதில் என்கிறீர்கள்? அந்தக் கட்டிலில்தான். அதில் கால் நீட்டிப் பொருந்திப் படுத்த ஒரே ஆள் அவர். கம்பத்தில் தன் தங்கச்சி வீட்டுத் திண்ணைக் காற்றில் இன்னும் ஆறு வருடம் இருந்தார். கட்டில், கால் ஒன்றில் கோர்ட்டு நம்பர் எழுதினபடியே, எனக்குத் திரும்பி வந்தது. கயிறு புதுசு. அந்தக் கயிற்றுக்கு அக்கா காசு வாங்கவில்லை.

சாட்சி சொன்ன சாயங்காலமே என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அக்கா தனக்கு வந்த பணத்தில் கம்பம்மெட்டில் கஞ்சிக்கடை போட்டார். சனிக்கிழமைதோறும் கம்பத்துக்கு இறங்கி மிக்கேலைப் பார்த்துவிட்டு வருவார். அந்தக் கடைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில்தான் நானும் பேச்சியும் எட்டு மாதம் குடியிருந்தோம். என் மூத்தவள் செல்லம் பிறந்தது அங்கேதான். "சாட்சி சொன்னவருக்குக் கஞ்சி கோர்ட்டுச் செலவுல சேத்தி" என்று சொல்லிச் சொல்லியே ஊற்றுவார். பிறகு ஏலக்காய் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் எனக்கு வேலை பிடித்துக் கொடுத்ததும் அவரே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக்கு வெளியே, மாமரத்தடியில், அக்கா எனக்குப் புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார். நான் பெரிய வீரனாகத் தின்றுகொண்டிருந்தேன். அக்கா தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"ஆசாரிக்குப் புடிச்ச கூலியக் குடுத்திட்டீரா தம்பி?"

எடுத்த கவளத்தைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தேன். "குடுத்துடுறேன்க்கா" என்றேன். அடுத்த மாதமே கம்பத்துக்குப் போய், மேலே கொஞ்சம் சேர்த்தும் கொடுத்தேன். ஆசாரி, "யானை சௌக்கியமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தக் கேள்வி அக்காவுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. குமாஸ்தா ஒரு தடவை கடைக்கு வந்திருந்தபோது சொன்னார். கூலி குறைந்த ஆசாரி நேரே லயத்தில் படுத்துக்கிடந்த மிக்கேலிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். கட்டில் கதை அக்காவுக்கு முதலிலேயே தெரியும். "ஆசாரியைச் சாட்சி போட்டா கேசு இரும்பு மாதிரி நிக்கும்னு வக்கீலும் சொன்னாரு, நானும் சொன்னேன். அக்கா சம்மதிக்கல. ஆசாரி வந்தா அளந்து குடுத்தவரையும் கேப்பாங்க, பழியத் தூக்கி முதலாளி அந்தத் தம்பி தலையில வச்சிருவாரு, கட்டில் போதும், மிச்சத்த அவரு சொன்னாச் சொல்லட்டும்னு ஒரே பிடியா இருந்துட்டாங்க" என்றார். நோயாளிப் புருஷனை மலையில் வைத்துக்கொண்டு, என் ஒருவன் நாக்கை நம்பி அந்த அம்மாள் வழக்காடியிருக்கிறார். அந்த நாக்கைப் பற்றி எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

இப்போது ஆனைக்கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் பறிக்க நாலு பேர் வருகிறார்கள். எடை போடும்போது தராசை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். "அப்பாவப் பாத்தா மொதலாளி மாதிரியே இல்ல" என்று செல்லம் கேலி செய்கிறாள். ஒரு தடவை அதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "அது கேலி இல்லவே, பரிசு. வாங்கி மடியில வச்சிக்கிடும்" என்றார். வைத்திருக்கிறேன். கட்டிலையும் அறுக்கப்போவதில்லை. பேச்சியும் இனிமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள்.

அன்று கட்டிலை நிலைவாசலிலேயே விட்டுவிட்டு, பேச்சியும் நானும் கொல்லை வழியாகப் புறப்பட்டுக் கம்பம்மெட்டுக்கு நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது கல்லறைக் குழி வெட்டி முடிகிற நேரம். வெட்டினது யார் என்று பார்த்தால், அந்தப் பதினொரு ஆளில் உயிரோடிருக்கிற மூன்று கிழவர்கள். வேறு ஒருவரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லையாம். என்னைக் கண்டதும் ஒருவர் குழிக்குள் நின்றபடியே, "வாரும் கோலய்யா, வந்து பாரும். தலை தெரியுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள்.

சாமியார் ஜெபம் முடித்தார். என் முறை வந்தபோது ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு ஓரத்தில் நின்றேன். மாமரத்தடியில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட நாள் முதல் என் நாக்கில் கிடந்த ஒரு வார்த்தை இருந்தது. போன மாதம் கஞ்சி வாங்கும்போதுகூட நுனிவரை வந்து திரும்பிப் போனது. அன்றும் வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அக்கா, ஆசாரி கட்டில இறக்குன அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அதுக்குப் பொறகும் அஞ்சு மாசம் ஒங்க குழியில நின்னு கத்துனேன்.